சத்தம் கேட்டால் தூங்கும் பிள்ளை

1

போன ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்திலிருந்து என் சித்தி மகள் சுமதி போன் செய்தாள். அவளுக்குத் தலைப்பிரசவம் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எடுத்த எடுப்பிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, எம்புள்ள தூங்கவே மாட்டேங்குதுக்கா. எறக்கிப் போட்டா வீல்லுங்குது. சோறு திங்கக் கூட விட மாட்டேங்குது. ஒங்க கயலு கைப்புள்ளயில எப்புடித் தூங்கும்! நம்ம சனம் பூராவும் இன்னமும் அதத்தான் சொல்லுறாக. என்ன மருந்து குடுத்தீக? அங்கன ஏதாச்சும் சொட்டு மருந்து விக்கிறாகளா? யாராச்சும் வந்தா குடுத்து விடுங்கக்கா."

நான் சிரித்துவிட்டேன். நல்ல சிரிப்பு இல்லை அது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்று வைத்துவிட்டாள்.

இஷ்டமில்லாமல்தான் மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நம்மூர்க் கல்யாண வீடுகளில் என் மகளின் தூக்கத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். மருந்து இருந்தது, சுமதி. அடிதான் அந்த மருந்து. விழுந்தது எனக்கு, தூங்கியது பிள்ளை. அதை எந்த டப்பாவில் போட்டு உனக்குக் கொடுத்து விட?

2

நான் நர்ஸ். மதுரையில் படித்து, இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்கு வந்தவள். விசா என் பெயரில். என் வீட்டுக்காரர் என்னைச் சார்ந்து வந்தவர் என்று அவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியிருந்தார்கள். எஞ்சினியருக்குப் படித்துவிட்டு, சொந்த ஊரான ஜெயமங்கலத்தில் காலை ஆட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை. கிடைத்த வேலையோ ஒரு கிடங்கில் இரவெல்லாம் பெட்டி தூக்குவது. காலையில் வந்து படுப்பார். பகல் முழுக்க வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது. (வீட்டுக்காரர், அவர், இவர் என்ற மரியாதை இத்தோடு போதும். இனி அந்த ஆள் என்றே எழுதுகிறேன். கை அப்படித்தான் வருகிறது.)

2006ஆம் வருஷக் குளிர்காலத்தில் கயல் பிறந்தாள். இந்த ஊரில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வீடு தேடி ஒரு நர்ஸ் வருவார். வெள்ளைக்கார அம்மா, தங்கமான மனுஷி. வந்த முதல் நாளே, "நல்ல குழந்தைதானே இவள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்ன கேள்வி இது என்று எனக்குத் திகைப்பு. "இதுவரைக்கும் ஒரு தப்பும் செய்யவில்லை" என்று சொல்லிவைத்தேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தொந்தரவு பண்ணாமல் தூங்குகிற குழந்தைக்குத்தான் இங்கே நல்ல குழந்தை என்று பெயராம். அப்படிப் பார்த்தால் கயல் அப்போது பொல்லாத குழந்தை. பகலில் அரைத் தூக்கம், அரை அழுகை. தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே சமைப்பேன்.

மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம். அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டு ஒரே வீறல். மாடியில் கட்டில் கிரீச்சிட்டது. படியில் தடதடவென்று இறங்கி வந்தான் அந்த ஆள். என் காதோடு சேர்த்து ஓங்கி ஒரு அறை. அடுப்பில் இருந்த பால் சட்டி என் முழங்கை பட்டுக் கீழே விழுந்து உருண்டது. தோளில் பிள்ளை இருந்தாள். அவளைக் கீழே போட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். அதனால் அடுத்த அறையைத் தடுக்க எனக்குக் கை இல்லாமல் போயிற்று.

இரண்டாவது அறை விழுந்ததும் கயலின் அழுகை பாதியில் நின்றது. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஆளும் அதைப் பார்த்தான். "தூங்கிட்டா" என்றான். ஏதோ விளக்கை அணைத்த மாதிரி நிம்மதியாக மேலே போய்ப் படுத்துவிட்டான். நான் பாலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பக்கக் காது ஊவென்று கத்தியது. அப்போது நான் நினைத்தது என்ன தெரியுமா? நல்லவேளை, பிள்ளை பார்ப்பதற்குள் தூங்கிவிட்டாள் என்று. இதற்கு ஒரு நர்ஸ் படிப்பு எனக்கு!

3

அதற்குப் பிறகு அவன் ஒரு வித்தை கண்டுபிடித்தான். பிள்ளை சிணுங்கினால் போதும், மாடி அறைக் கதவை ஓங்கி அறைவான். வீடே அதிரும். கயல் சட்டென்று அடங்கிக் கண்ணை மூடுவாள். "ஊருக்குள்ள தாலாட்டுங்குறாளுக, அதுங்குறாளுக. இம்புட்டுத்தான் விசயம்" என்று சிரிப்பான். கதவில் தீராத கோபம் என் மேல் தீரும். பின்னந்தலையைப் பிடித்து பிரிட்ஜில் மோதுவான். விலாவில் முழங்கையை இறக்குவான். வேலைக்குத் திரும்பிய பிறகு நெற்றி வீக்கத்தைப் பார்த்து எங்கள் இல்லத்து மேலாளர் கேட்டார். படியில் விழுந்தேன் என்றேன். பாவம், அவர் மாடிப்படியில் வழுக்காமல் இருக்க என்ன விரிப்பு போடலாம் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளையோ மளமளவென்று வளர்ந்தாள். கழுத்து நின்றது. குப்புற விழுந்தாள். ஈறில் வெள்ளைக் கோடு தெரிந்தது. எடை ஏறியது. வீட்டுக்கு வரும் நர்ஸ் அம்மா எடைக் கோட்டைக் காட்டி, "உன் குழந்தையைப் போல எல்லாரும் தூங்கினால் எனக்கு வேலையே இருக்காது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பெருமை. உடம்பெல்லாம் ரணமாகக் கிடக்கிறவளுக்கு யாராவது எதையாவது புகழ்ந்தால் போதும் என்று இருக்கும்.

போனில் என் அண்ணன் முருகேசனிடமும் அதைத்தான் சொன்னேன். சின்னமனூரில் வாழைத் தோட்டம் வைத்திருக்கிறான். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருத்தன்தான்.

"அண்ணே, கயல் சத்தங்காட்டாமத் தூங்குறா."

"நம்ம வளர்ப்பு அப்புடி" என்றான். "மாப்ள எப்புடி இருக்காக?"

"நல்லா இருக்காக."

அண்ணன் அன்று சாயங்காலமே டீக்கடை, உரக்கடை என்று ஒரு இடம் விடாமல் மருமகள் தூங்கும் அழகைச் சொல்லித் தீர்த்திருக்கிறான்.

4

ஒன்பதாம் மாதம் காது குத்த ஊருக்கு வந்தோம். மலையடிவாரத்தில் எங்கள் குலசாமி கோவில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். அண்ணன் தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாக அடுக்கி, மேளம் வைத்து, வெடி போட்டு, சின்னமனூரே திரும்பிப் பார்க்கும்படி வந்து இறங்கினான். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளக்ஸ் போர்டு. கயல் படம் நடுவில். சுற்றிலும் எங்கள் வகையறா, அண்ணனின் சேக்காளிகள், சேக்காளியின் கைக்குழந்தை வரைக்கும் போன் பேசுகிற மாதிரி படம்.

அந்த ஆளுடைய அண்ணன் படம் மட்டும் இல்லை.

வேண்டுமென்று செய்ததில்லை. போட்டோ வந்து சேரவில்லை, போர்டு அடிக்கிறவன் அவசரப்படுத்தினான், விட்டுப்போயிற்று. நம் பக்கத்தில் கொலைக்கே மன்னிப்பு உண்டு, ஃபிளக்ஸில் முகம் விட்டுப்போனால் கிடையாது. ஜெயமங்கலத்துக்காரர்கள் வேனை விட்டு இறங்கி, போர்டை அண்ணாந்து பார்த்தார்கள். படத்தில் விட்டுப்போன என் மச்சினனார் எச்சிலைத் துப்பினார்.

"ரோட்டுல போறவன், வாறவன் மூஞ்சியெல்லாம் தொங்குது. பெரியப்பன் மூஞ்சிய எங்கடா காணோம்?"

"தப்பு நடந்துபோச்சு மச்சான், உள்ள வாங்க" என்றான் அண்ணன்.

"ஏலே, எவன்டா ஒனக்கு மச்சான்?"

பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது. யாரோ ஃபிளக்ஸை அரிவாளால் குறுக்கே கிழித்தார்கள். சாம்பார் குண்டா கவிழ்ந்து ஒரு பையனின் கால் வெந்தது. அண்ணனின் சட்டை இரண்டாகக் கிழிந்து தொங்கியது, வாயோரம் ரத்தம். நல்ல நேரம் போகிறது என்று பூசாரி கத்தினார். கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரிய ஆட்களும் குறுக்கே விழுந்து பிரித்து, கிழிந்த சட்டையோடேயே அண்ணனை மணையில் உட்கார வைத்தார்கள். அவன் மடியில் கயல். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது.

இத்தனை ரகளையிலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கூத்துலயும் தூங்குது பாருங்கடி, தெய்வக் குழந்தை!" என்று ஒரு பெண் குலவை போட்டாள். ஆசாரி காது மடலைத் தடவி, "தூங்குறப்பவே குத்திருவம், நல்லதாப் போச்சு" என்று கம்பியைச் செருகினார். பிள்ளை அசையவில்லை. வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் ஆ என்றார்கள்.

நான் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். அவள் கால் விரல்கள் இறுக்கமாக மடங்கின. கை இரண்டும் முஷ்டி. மூடின இமைக்கு அடியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கிக் காதோர ரத்தத்தில் கலந்தது. தூங்குகிற பிள்ளைக்குக் கை விரிந்து, உடம்பு துவண்டு கிடக்கும். எத்தனை வார்டில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! என் மகள் தூங்கவில்லை. பால் சட்டி உருண்ட அன்றைக்கும் தூங்கவில்லை, லெஸ்டரில் அத்தனை மாதமும் தூங்கவில்லை. பயத்தில் செத்தது போலக் கிடக்கப் பழகியிருக்கிறாள்.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்றரை வயதுப் பிள்ளைகள் மத்தியானம் பாயில் படுத்திருக்க வேண்டிய நேரத்தில் கயல் எழுந்து நின்று கத்திப் பாடுகிறாளாம், மற்றவர்களையும் கெடுக்கிறாளாம். ரொம்பச் சத்தம் போடும் பிள்ளை என்று டீச்சர் குறைப்பட்டார். நான் நன்றி என்றேன். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏன்டி கத்தினாய் என்று கேட்டால், இங்கிலீஷில் பத்து வார்த்தை பதில் வருகிறது. அதில் தமிழ் என்று இருப்பது 'அம்மா' மட்டும்தான். அதுவாவது இருக்கிறதே.

6

கோவிலிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து, உள் அறையில் உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டிக் கயலைப் போட்டேன். அந்த ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அவன் அண்ணனுக்கு நடந்த அவமானத்துக்கு நான் கணக்குத் தீர்க்க வேண்டும் அல்லவா? சத்தம் வெளியே போகாமல் அடிப்பதில் அவன் கைதேர்ந்தவன். என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, வயிற்றில் குத்தினான். மூச்சு நின்றது. தொட்டிலில் சிணுங்கல் நின்றது. அவன் தொட்டிலை விலக்கிப் பார்த்தான்.

"பாரு, எம்மக எனக்குப் பயந்து தூங்கிட்டா" என்றான் சிரித்துக்கொண்டே.

ஜன்னல் கட்டையில் பித்தளைச் செம்பு இருந்தது, தண்ணீரோடு. எடுத்து அவன் முகத்தின் நடுவில் இறக்கினேன். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் இறக்கினேன். நர்ஸ் வேலையில் எத்தனையோ ரத்தத்தைத் துடைத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் வரவழைத்தேன். அண்ணனும் மதினி ராசாத்தியும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து செம்பைப் பிடுங்காவிட்டால் மூன்றாவதும் இறங்கியிருக்கும்.

"அடிப்பாவி, தாலி கட்டுனவனையாடி!" என்று மதினி வாயில் அடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். காது, பிரிட்ஜ், விலா. அண்ணன் தலையைக் குனிந்து கேட்டான். ஆனால் பேசும்போது, "எந்த வீட்டுல இல்லாத்தா அடிதடி? நானும் ரெண்டு போடத்தான செய்யுறேன்" என்றான். மதினி தரையைப் பார்த்தாள்.

மூக்கில் கட்டோடு அந்த ஆள் ஜெயமங்கலம் போனான். வீடு அமைதியானது. இரண்டு மூன்று நாள் போனதும் கயல் அழ ஆரம்பித்தாள். அது சாதாரண அழுகை இல்லை. உடம்பு முழுக்க அழுதாள். உள்ளங்கால் வரைக்கும் சிவந்துவிடும். பால் கொடுத்தால் துப்பினாள். உரம் விழுந்திருக்கும் என்று ஒரு அம்மாவைக் கூட்டிவந்து சேலையில் போட்டு உருட்டினார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அண்ணன் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய், தொழுதுவிட்டு வருகிறவர்களிடம் ஓதி ஊதிக்கொண்டு வந்தான். எதற்கும் அடங்கவில்லை. அக்கம்பக்கம், சொந்தக்காரர்கள், எல்லாருக்கும் ஒரே முடிவுதான். பிள்ளை தகப்பனைத் தேடுகிறது.

அடித்தான் என்று சொல்லலாம். ஆனால், அங்கே நன்றாகத் தூங்கின பிள்ளை இங்கே ஏன் கதறுகிறது என்று கேட்டால்? போனில் பீற்றிக்கொண்டவள் நான்தானே.

லெஸ்டருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு நாள் காலையில் ஜெயமங்கலத்திலிருந்து கார் வந்து வாசலில் நின்றது. அந்த ஆள் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். மச்சினனார் மட்டும் உள்ளே வந்தார். ஃபிளக்ஸை எல்லாம் மறந்துவிட்டுச் சமாதானமாகப் பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சு. வெளிய தெரியாம முடிச்சுக்கிருவோம். புள்ள கதறுறது எங்களுக்கு மட்டும் நல்லாவா இருக்கு? அங்கன சத்தங்காட்டாமத் தூங்குன புள்ள. தகப்பன் கையில போனா அடங்கிரும்."

என் மடியில் கயல் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு ஆத்தா" என்றான் அண்ணன். "புள்ள மொகத்துக்காகவாச்சும்."

"போகல."

"மாப்ள வாசல்ல வந்து நிக்கிறாக. இதுக்கு மேல என்ன எறங்கி வருவாக?"

"நான் அவனோட போகல. வேலைக்குத் தனியாப் போயிக்கிருவேன். புள்ளையும் என்னோட வரும்."

"ஊரு காறித் துப்புறதுக்குன்னே வந்துருக்கியாடி?" அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலியை உதைத்தான். அது சுவரில் மோதிக் கால் தெறித்து விழுந்தது. கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

கயலின் அழுகை நின்றது.

அவள் கண்ணை மூடி என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள். "அப்பாடா, தூங்கிருச்சு" என்றாள் மதினி.

"பாத்தீகளா?" என்றார் மச்சினனார். "ஒரு அரட்டு அரட்டுனா அடங்கிருது. இத்தன நாளா இந்த வீட்டுல அரட்ட ஆளில்ல, அம்புட்டுத்தான்."

நான் பிள்ளையை அண்ணனின் ஓங்கின கைக்கு நேராக நீட்டினேன். "அடிக்கணும்னா பெறவு அடிண்ணே. மொதல்ல இவ கையப் பாரு."

அவன் முறைத்தான். பிறகு வாங்கிக்கொண்டான். வாழைத்தார் வெட்டிக் காய்த்துப்போன விரல்களால் அவளுடைய முஷ்டியைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கட்டை விரலை நுழைத்து மெல்ல நெம்பினான். உள்ளங்கையில் அவள் நகமே பதிந்து நாலு பிறை, ஒன்றில் ரத்தம் கசிந்தது. இன்னொரு கையை அவள் நெஞ்சில் வைத்தவன் அப்படியே நின்றான்.

"என்னடி இது, கோழிக்குஞ்சு கணக்கா அடிச்சுக்கிருது? இவ தூங்கலையா?"

"இல்லண்ணே."

"அங்கன?"

"அங்கனயும் இதே தூக்கந்தாண்ணே."

"கோயில்ல எம்மடியில..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. உடைந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மதினியை ஒருமுறை பார்த்தான், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, மச்சினனாரின் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. என் கையில் கயல் இன்னும் சுருண்டாள். கார் போய்விட்டது.

அண்ணன் திரும்பி வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஆத்தா, மாமன்தான். மாமன் இனிமே சத்தம் போட மாட்டேன். கண்ணத் தொற."

பிறகு அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. வாய் கோணிக்கொண்டது. ஓட்டுக்கூரை பிய்ந்துவிடும் போல வீறிட்டாள். மதினி பதறிப்போய்த் தட்டிக்கொடுக்க ஓடி வந்தாள். அண்ணன் அவள் கையைத் தடுத்தான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

"தூங்க வைக்காத, விடு" என்றான். "அழு ஆத்தா. நல்லா அழு."